பென்டிரைவ் காத்திருந்த நான்காவது கட்டம்

செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்ட படைகள் ஜெயித்தன, இல்லையென்றால் சலித்துப்போய்த் திரும்பின. எங்கள் ஃப்ளெக்ஸ் பேனர் கடையை முற்றுகையிட்ட பென்டிரைவ் மட்டும் ஜெயிக்கவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை.

வல்லத்திலிருந்து வந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பென்டிரைவ் தொங்கும். அதனால் அந்தப் பெயர். அதற்குள் இருந்தது யார் வேண்டுமானாலும் எடுத்து, திருத்தி, அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்கிற இலவச சாஃப்ட்வேர். திருட்டு சாஃப்ட்வேரில் ஓடிய எங்கள் கடையை எப்படியாவது அதற்கு மாற்றிவிட வேண்டும் என்பதுதான் மனுஷனின் ஒரே லட்சியம்.

“புதுசா ஒண்ணு சொன்னா மொதல்ல கண்டுக்க மாட்டாங்க. அப்பறம் சிரிப்பாங்க. அப்பறம் சண்டைக்கு வருவாங்க. நாலாவதா, ‘இத நான் அப்பவே சொன்னேன்’பாங்க. அவ்ளோதாம்பா,” என்பார் என்னிடம்.

முதலாளி ஒரு வருஷம் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பிறகு சிரித்தார். “சும்மா குடுக்குறானா? இன்னாத்துக்குய்யா சும்மா குடுக்குறான்?” சம்பளம் வாங்குகிறவன், நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஒரு நாள் முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் பென்டிரைவ் தன் சரக்கை ஏற்றிவிட்டார். அனந்தபுரத்துக் காதுகுத்து பேனரைத் திறந்தால், எங்கள் பழைய ஃபான்ட் அதில் வேலை செய்யாமல் எழுத்தெல்லாம் பெட்டி பெட்டியாக நின்றது. ஏழு தாய்மாமன்கள், ஒருவருக்கும் பெயர் இல்லை. முதலாளி செருப்பைக் கழற்றினார். ரோட்டுக்கு ஓடிய பென்டிரைவ் அங்கிருந்து பூரிப்போடு கத்தினார்: “மூணாவது வந்துட்டுதுப்பா! இன்னும் ஒண்ணுதான்!”

கடை பழைய சாஃப்ட்வேருக்கே திரும்பியது. அப்புறம் மூன்று மாதம் ஆளைக் காணோம். வீட்டில் உட்கார்ந்து எங்கள் ஃபான்ட்டை ஒவ்வோர் எழுத்தாகச் சரிசெய்திருக்கிறார். திரும்பி வந்தவர் பென்டிரைவைக் கழற்றி என் கையில் வைத்தார்.

“இப்ப ஒரு எழுத்துகூட ஒடையாது. அவரா கேட்டா மட்டும் குடு.”

முதலாளி கேட்கவில்லை. அடுத்த வாரம் பென்டிரைவுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார்.

கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க அவருடைய மச்சான் வந்தபோது கடைக் கம்ப்யூட்டர் வைரஸில் முடங்கிக் கிடந்தது. வேறு வழியில்லாமல் பென்டிரைவைச் செருகி, கம்ப்யூட்டரை அதிலிருந்தே கிளப்பி, பேனர் செய்தேன். ஓர் எழுத்துகூட உடையவில்லை. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு மச்சானிடம் சொன்னார்: “நல்ல சாஃப்ட்வேருய்யா. இதுக்கு மாறணும்னு நான் அப்பவே சொல்லிக்கினு இருந்தேன்.”

எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. இதைக் கேட்டிருந்தால் மனுஷன் நடுரோட்டில் சந்தோஷத்தில் குதித்திருப்பார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அதை ஒரு நாளும் அவரிடம் சொன்னதில்லை.