இலை திருடிய கண்ணாடிக்காரர்

கடைசியில் ஒரு சிரிப்பு உண்டு. சத்தியம். ஆனால் இப்போதே கிடைக்காது. முதலில் கொஞ்சம் முதுகுத்தண்டு சில்லிடட்டும். அதோ, அந்த ஜன்னலைப் பாருங்கள்.

கம்பியில் ஒரு கொடி. காற்றே அசையாத மத்தியானத்திலும் அதன் நுனி மட்டும் மெல்ல வட்டமடிக்கும், இருட்டில் யாரோ விரலால் துழாவுவது போல. காலையில் மூன்றாம் கம்பியில் இருந்தது சாயங்காலம் நான்காம் கம்பியைச் சுற்றியிருக்கும். நான்காம் கம்பிக்கு நேர் கீழே கண்ணாடிக்காரரின் சாய்வு நாற்காலி.

ஊருக்கெல்லாம் மூக்குக் கண்ணாடி மாட்டிவிடுகிறவர் அவர். இனிப்பென்றால் உயிரையே கொடுப்பார். நிஜமாகவே கொடுத்துவிடுவார் என்று டாக்டர் எச்சரித்ததிலிருந்து இனிப்புக்குத் தடை. கடையில் மைத்துனன் காவல், வீட்டில் மனைவி காவல். மிச்சம் இருந்தது, கிழிந்த குடைக்குள் பதுக்கிய ஒரு பெட்டி சாக்லேட்.

"ஏண்டி, ஆயுசு முழுக்க நாக்கைக் காயப்போட்டே சாகணுமா நான்?"

"ஆயுசு முழுக்க எதுக்கு? அழகுக்கு ஒரு கொடி வெச்சிருக்கேன்ல, அது பட்டுப்போற அன்னிக்கு மூட்டை மூட்டையாத் தின்னுங்க. ஏன்னு கேட்க மாட்டேன்."

"பேச்சு மாற மாட்டியே?"

"மாட்டேன். ஆனா வெந்நீர் ஊத்துற வேலை ஆகாது. ஒரு இலை குப்பைக் கூடையில கிடந்தாலும், ஜன்னலுக்குக் கீழ விழுந்தாலும், உங்க சட்டைப் பையில இருந்தாலும் பேச்சு ரத்து. மூணையும் தினம் பார்ப்பேன்."

கண்ணாடிக்காரர் மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள் மூளையில் மின்னல். அவளால் சோதனை போட முடியாத இடம் ஒன்று இருக்கிறதே! வயிறு!

தினம் மத்தியானம் மூன்று மணிக்கு அவள் குளிக்கப் போவாள். இவர் இரண்டு இலை கிள்ளுவார். மெல்வார். விழுங்குவார். கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. கசப்பை மாற்ற உடனே குடைக்குள் கை.

முதல் சாக்லேட்டை வாயில் போட்டார். ஈரமண்.

'பழைய சரக்கு' என்று துப்பினார். ஒரு வாரம் பொறுத்து இன்னொன்று. மெழுகுவத்தி. பதறிப்போய்ச் சமையலறைக்கு ஓடினார். உப்பு உப்பாகத்தான் இருந்தது. புளி புளியாகத்தான் இருந்தது. சர்க்கரை மட்டும் மணல்! நறநறவென்று மணல்! துப்பிய சாக்லேட்டைச் சுற்றித் தரையில் எறும்புகள் கல்யாணப் பந்தி போட்டிருந்தன. அவற்றுக்கெல்லாம் இனிக்கிறது.

மயிர்க்கூச்செறிந்து திரும்பினால் ஜன்னலில் இன்னொரு விபரீதம். முன்பு கிள்ளிய இடத்தில், ஒற்றை நுனி இருந்த கணுவில், இப்போது இரண்டு துளிர். இரண்டும் நாற்காலிப் பக்கமாகத் தலை நீட்டியிருந்தன.

"என்னங்க, முகமெல்லாம் வெளுத்திருக்கு?" ஈரத்தலையோடு மனைவி.

"இந்தக் கொடி... முன்னைவிட அடர்த்தியா இல்ல?"

"யாரோ ஆசையாத் தடவிக் குடுக்கிறாப்பல வளருது. அதுக்கும் மனசு இருக்கும்ல? நேத்து நீங்க தூங்கறப்ப உங்க வாயையே பார்த்துக்கிட்டிருந்துச்சு."

"வாயையா?"

"வாயைத்தான்."

அன்று முதல் கண்ணாடிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு தூங்கினார். ஆனாலும் விடவில்லை. அதுவா நானா என்று மாதம் முழுக்க மென்றார். கொடி கொழுத்தது, மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. பெட்டியின் கடைசி சாக்லேட்டைத் தன் கையாலேயே எறும்புக்கு எறிந்தார். நாக்கு செத்துவிட்டது, அடுத்தது தாம்தான் என்று முடிவே கட்டிவிட்டார்.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். அங்கே ஒரு ரிட்டயர்டு கம்பவுண்டர். மருந்து பாட்டிலில் ஒட்டிய சீட்டு பேசினால் எப்படியோ அப்படிப் பேசுவார்.

"அண்ணே, எங்க வீட்டுக் கொடி என் நாக்கை உறிஞ்சிடுச்சு."

"வேளைக்கு எத்தனை இலை?"

"இலையா? நான் எங்கே... ரெண்டு."

"நல்லா மென்னா?"

"மென்னுதான். அண்ணே, உங்களுக்கு எப்படி..."

"சிறுகுறிஞ்சான். சர்க்கரைக்கொல்லின்னும் பேர். மென்னா அரைமணி, ஒரு மணி நேரத்துக்கு நாக்குக்கு இனிப்பே தெரியாது. பயப்பட ஒண்ணுமில்ல. கிள்ளக் கிள்ள நல்லாத் தழைக்கும்."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டினார்.

"இது... அவளுக்குத் தெரியுமா?"

"கன்றைக் குடுத்ததே நான்தானே? இலையை நேரா நீட்டினா துப்பிடுவாரேம்மான்னு கேட்டேன். தங்கச்சி சிரிச்சுக்கிட்டே சொல்லிச்சு: 'நான் குடுத்தாத்தானே துப்புவார்? அவரே திருடித் தின்னா முழுங்கிடுவார்ண்ணே.'"