கடிக்கு முந்தி மயங்கினால் செல்லாது

பதுளை மாநகரின் கலை வரலாறு இரண்டாகப் பிரிகிறது: அந்த இரத்தக்காட்டேரிப் படம் வருவதற்கு முன், வந்ததற்குப் பின். திரை ரசிகர் மன்றத்தின் செயலாளர் என்ற வகையில் இதை நான் பொறுப்புடன் அறிவிக்கிறேன்.

அது வெறும் பேய்ப்படமல்ல. 'பயங்கரக் காதல் காவியம்'. அதில் வரும் காட்டேரிப் பிரபு கடிப்பதற்கு முன் தலை வாருவார். கையுறை கழற்றுவார். நாயகியிடம் அனுமதி கேட்பார். இரத்தம் உறிஞ்சுவதென்றாலும் ஒரு மரியாதை வேண்டாமா?

பயந்து மயங்குவோருக்காக, தியேட்டர் முகாமையாளர் ஸமீம் வாசலில் ஓர் ஆம்புலன்ஸையே நிறுத்தியிருந்தார். லுணுகலைப் பாதையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை கொடுத்த இரவல். பதிலுக்குத் துரைக்குப் பல்கனியில் நிரந்தர ஆசனம்.

முதல் நாள் மெட்டினிக்கு, அதே தோட்டத்துத் தொழிலாளி மாணிக்கராஜ் இடுப்புவலி கண்ட நிறைமாத மனைவி நேசராணியைத் தாங்கிக்கொண்டு வந்து நின்றான். ஸ்டேசனுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிவந்த லொறி அவர்களைக் கடைவீதியில் இறக்கிவிட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கு இன்னும் மேடு ஏற வேண்டும்.

"இது நம்ம தோட்டத்து வண்டில்ல? எஞ்சின் செத்துப்போச்சுன்னு காலையில மருந்து குடுக்குற டிஸ்பென்சர் ஐயா சொன்னாரே!"

"கலைக்காக உயிர்த்தெழுந்திருக்கிறது" என்று விளக்கினேன்.

அவன் ஸமீமிடம் திரும்பினான். "மொதலாளி, ஆஸ்பத்திரி வரைக்கும் விட்டுடுங்க."

"டிக்கட் ஈக்கா?"

"இல்லீங்களே."

"படம் பாத்து மயங்கினவங்களுக்குத்தான் வண்டி. அதுவும் கடிக்குப் பொறகு. முந்தி மயங்கினா செல்லாது."

விதி என்றால் விதிதானே. மாணிக்கராஜ் இரண்டு கலரி டிக்கட் வாங்கினான். ஒழுங்கைக் கவனிக்க நானும் அவர்களுக்குப் பின்னால் அமர்ந்தேன்.

திரையில் நிலவு எழுந்தது. பிரபு மாடிப்படியில் இறங்கினார், மிக மெதுவாக. நேசராணி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த ஆளு எப்பங்க கடிப்பான்?"

"இப்பதான் தலை சீவுறாரு. பொறுத்துக்க புள்ள."

"சீவுன தலையவே சீவுறானே! கடிச்சுத் தொலைக்கச் சொல்லுங்க!"

"சத்தம் போடாதீங்க, காதல் கட்டம்!" என்றது முன் பெஞ்சு.

பிரபு ஒரு கையுறையைக் கழற்றினார். நிலவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். மற்றதையும் கழற்றினார். நாயகி கழுத்தைச் சாய்த்தாள். பல் பட்டது.

நேசராணி போட்ட கூச்சலில் நாயகியின் கூச்சல் கேட்கவேயில்லை. கலரியே எழுந்து கைதட்டியது. ஸமீம் ஆனந்தக் கண்ணீருடன் ஓடிவந்தார்: "மயங்கிட்டா! எடுங்கப்பா வண்டிய!"

ஆஸ்பத்திரி மேட்டில், வண்டிக்குள்ளேயே பெண்குழந்தை பிறந்தது. மறுநாள் ஊரெங்கும் சுவரொட்டி: 'பயத்தில் பிரசவம்! பதுளையே நடுங்குகிறது!' எமது மன்றம் துரையின் கருணைக்கு நன்றித் தீர்மானம் நிறைவேற்றியது.

அதன்பின் ஒருவரும் மயங்கவில்லை. படம் ஓடி முடிந்து, குடும்பப் படம் வந்தது. வண்டி தோட்டத்துக் கொட்டகைக்குத் திரும்பியது. எஞ்சின் மறுபடியும் செத்தது.

இப்போதெல்லாம் அந்தத் தோட்டத்தில் எவளாவது பிள்ளை உண்டானால், லயத்து ஆட்கள் ஸமீமிடம் வந்து கேட்கிறார்கள், அடுத்த பேய்ப்படம் எந்த மாதம் என்று.