ஓடாத ஃபேனின் சத்தம்

"தம்பி, வீட்டுக்குள்ள மாவு மில்லு வெச்சிருக்கீங்களா?"

பக்கத்து வீட்டு ரத்தினபாய் டீச்சர் மதில்மேல் முகத்தை வைத்துக் கேட்டபோது எலியேசர் பதில் சொல்லாமல் பல்லை மட்டும் காட்டினார். சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு அடுத்தவர் வீட்டு விஷயத்தில் அக்கறை கிடையாது. இதைச் சேலையூரில் எங்கள் தெரு முழுக்க வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் எலியேசர் தம் பின்கட்டு அறையைப் பூட்டி, டீச்சர் வீட்டைப் பார்த்த சுவரில் ஓட்டை போட்டு, மூடிப்போன ஓட்டல் ஒன்றின் சமையலறை ஃபேனை மாட்டினால் நான் என்ன செய்ய முடியும்? அது மதுவிலக்கு இருந்த காலம். பூட்டிய அறை, ஈர வைக்கோல் வாடை, ஓயாத ஃபேன். சாராயம் காய்ச்சுகிறார் என்று முதலில் கண்டுபிடித்தது நான்தான். நாலு நாள் தெருவே அவருக்கு வலியப் போய் வணக்கம் வைத்தது. இரண்டு பேர் கையில் காலிப் புட்டிகூட இருந்தது.

உள்ளே வளர்ந்தது காளான். வளர்ந்தது என்று சொல்வது மரியாதைக்கு.

எலியேசர் தாலுகா ஆபீஸில் கிளார்க். சர்க்குலரில் ஒரு நகல் எடுக்கச் சொன்னால் மூன்று எடுப்பவர். 'காளான் அறையில் சிறிது காற்றோட்டம் இருத்தல் நலம்' என்று ஒரு விவசாயப் பிரசுரத்தில் படித்தார். சிறிது என்ற சொல் அவர் கண்ணில் படவில்லை. ஃபேனை வாங்கி வந்துவிட்டார்.

இத்தனையும் எதற்கு? அறுப்பின் பண்டிகைக்கு. எங்கள் சபையில் வருஷா வருஷம் அவரவர் விளைச்சலைக் கொண்டுவந்து படைப்பார்கள். சிறந்ததற்குப் போதகர் ஒரு பித்தளைக் கூஜா தருவார். மூன்று வருஷமாகக் கூஜா டீச்சருக்குத்தான். அவருடைய பூசணிக்காயைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். போன வருஷம் எலியேசர் கொண்டுபோன பப்பாளியை, அந்தப் பூசணி உருளாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்தார்கள்.

முட்டுக் கொடுத்ததை அவர் மறக்கவில்லை. இந்த வருஷம் காளான். டீச்சருக்கு மட்டும் தெரியக் கூடாது.

"என்ன வளர்க்கிறேன்னு கேட்டா நான் என்னங்க சொல்றது?" என்று மனைவி தபீதாள் கேட்டார்.

"ஒண்ணும் வளர்க்கலைன்னு சொல்லு."

"அது உண்மைதான்" என்றார் தபீதாள்.

டீச்சர் கோபப்பட்டு வீட்டுச் சொந்தக்காரரிடம் போனால் அறையைத் திறந்து காட்ட வேண்டிவரும். எனவே சத்தத்தைக் குறைக்க எலியேசர் ஃபேனுக்கு அரைப் புட்டி தேங்காய் எண்ணெய் விட்டார். சத்தம் குறையவில்லை. எண்ணெய்தான் குறைந்தது. ஃபேன் அதை வெளியே வீச, டீச்சர் கொடியில் உலர்ந்துகொண்டிருந்தது அவருடைய வெள்ளைப் புடவை.

"தம்பி, கோயிலுக்குக் கட்டற புடவை. தாளிச்சு எடுத்த மாதிரி இருக்கு."

"மன்னிச்சுக்குங்க டீச்சர். இனிமே சத்தம் வராது."

"என்ன சொன்னீங்க? சத்தத்துல கேக்கலை."

அடுத்து சைக்கிள் கடை பொன்னுசாமியை அழைத்துவந்தார். அவன் ஃபேனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

"இன்னா சார் இது, பேஜாரு புட்ச வேலையா கீது! செவுத்துக்கும் இதுக்கும் நடுவுல டியூப்பு வெட்டிப் போட்டா பூனை மாரி ஓடும் சார்."

பூனை மாதிரியேதான் ஓடியது. வாலை மிதித்த பூனை. ரப்பர்மேல் உட்கார்ந்த ஃபேன் ஆட, ஃபேனோடு சுவர் ஆட, மதிலுக்கு அந்தப் பக்கம் டீச்சர் வீட்டு அலமாரியில் மூன்று கூஜாக்களும் கைகோத்து ஆடின. ஒன்று விழுந்தது. நசுங்கிய கூஜாவை டீச்சர் மதில்மேல் வைத்துவிட்டுப் போனார். எலியேசர் அதைப் பார்த்த பார்வையில் வருத்தமும் இருந்தது.

அதற்குள் விதை போட்டுப் பன்னிரண்டு நாள். பிரசுரப்படி பத்தாம் நாள் காளான் தலைகாட்ட வேண்டும். விதை போட்ட நாலு வைக்கோல் படுக்கையிலும் வெறும் வைக்கோல்தான்.

"செத்துப்போச்சு" என்றார் எலியேசர்.

"அப்ப அந்த வைக்கோலையாவது சாக்குல கட்டி ஃபேன் ஓட்டையைச் சுத்தி அடுக்குங்க. சத்தமாவது அடங்கட்டும். இருக்கிற வீடாவது மிஞ்சட்டும்" என்றார் தபீதாள்.

ஒரு படுக்கையைப் பிரித்து நாலு சாக்கில் திணித்து, டீச்சரிடம் அனுமதி வாங்கி, அவர் பக்கத்துச் சுவரோரம் அடுக்கினார். நிஜமாகவே சத்தம் பாதியாகக் குறைந்தது. ஆனால் ஃபேனுக்கு மூச்சு விட வழியில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் லேசாகப் புகைந்து, கருகல் வாடையோடு நின்றது.

தெரு அமைதியாயிற்று. எலியேசருக்கு உள்ளூர நிம்மதி. தோற்றாலும் நல்ல பெயராவது மிஞ்சும் என்று மறுநாள் மதிலருகே போனார்.

"டீச்சர், இனிமே உங்களுக்குத் தொந்தரவே..."

"பரவாயில்லை தம்பி, குறைஞ்சிருக்கு. ஆனா இன்னும் லேசா கேக்குது. இன்னும் நாலு மூட்டை வெச்சா நல்லது."

"டீச்சர், ஃபேன் நேத்தே..."

"முப்பது வருஷம் பின் பெஞ்சுக் கிசுகிசுப்பைக் கேட்ட காது தம்பி இது. எனக்குத் தெரியாதா?"

எலியேசர் உள்ளே போய், செத்த ஃபேனில் காதை வைத்துக் கேட்டார். ஏதோ கேட்கிற மாதிரிதான் இருந்தது. சமாசாரம் தெரிந்து நானும் என் வீட்டுச் சுவரில் காதை வைத்தேன். எனக்கும் கேட்டது. சாயங்காலத்துக்குள் தெருவில் ஏழு பேருக்குக் கேட்டது. அதில் ஒருவர் நாலு தெரு தள்ளிக் குடியிருந்தார்.

இரண்டாவது படுக்கையும் சாக்குக்குப் போயிற்று. இரண்டு நாள் கழித்து மூன்றாவது. "இப்ப இடது பக்கம் மட்டும்தான் கேக்குது" என்று டீச்சர் சொல்ல, நாலாவதும் போயிற்று. மூட்டைகளுக்குக் காலையும் மாலையும் டீச்சர் தண்ணீர் தெளித்தார். ஈரம் இருந்தால் சத்தம் ஊடுருவாது என்றார். கணக்கு டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினேன்.

"பாவம், எவ்வளவு பொறுமை!" என்று எலியேசருக்குக் கண் கலங்கிவிட்டது. "இவங்களையா ஜெயிக்கப் பார்த்தேன்?"

பண்டிகை நாள் வந்தது. எலியேசர் பழையபடி ஒரு பப்பாளியோடு கோயிலுக்குப் போனார். மேஜையில் பூசணிக்காயைக் காணோம். டீச்சர் பெயர் எழுதிய இடத்தில் வாழை இலை மூடிய ஒரு பெரிய பிரம்புக் கூடை மட்டும் இருந்தது. வழுக்கும் மேஜையில் அது நகராமலிருக்க, எலியேசர் கையிலிருந்த பப்பாளியை ஒருவர் நன்றி சொல்லி வாங்கி முட்டுக் கொடுத்தார்.

போதகர் இலையை விலக்கினார்.

கூடை நிறைய, முட்டை முட்டையாக, சாம்பல் வெள்ளையில், அப்போதுதான் பறித்த வைக்கோல் காளான்.

"நம்ம சபையில முதல் தடவையா!" என்று போதகர் கூஜாவை எடுத்தே விட்டார். "இதை எப்படி வளர்த்தீங்க டீச்சர்?"

"பெரிய வித்தை ஒண்ணுமில்லைங்க ஐயா" என்றார் டீச்சர் அடக்கமாக. "காத்து அடிக்காத இடமா பாத்து வெக்கணும். அவ்வளவுதான்."

சபை கைதட்டியது. நானும் தட்டினேன். பக்கத்தில் எலியேசர் கையும் பழக்கதோஷத்தில் இரண்டு தட்டுத் தட்டி, பிறகு அப்படியே நின்றது. அவர் எழுந்து வெளியே போனார். நானும், காற்று வாங்க, பின்னாலேயே போனேன்.

வாசலில் கிளியம்மாள் நின்றிருந்தாள். இரண்டு வீட்டிலும் பாத்திரம் தேய்ப்பவள்.

"கிளியம்மா, அந்தக் காளான்... என் மூட்டையிலயா?"

"ஆமா சார். மொத மூட்டை வெச்ச நாலாம் நாளே பொத்துக்கினு வந்திச்சு. டீச்சரம்மா கொழம்பு வெச்சுக் குட்த்தாங்க, சோக்கா இருந்திச்சு."

"அப்புறமும் சத்தம் கேக்குது, சத்தம் கேக்குதுன்னு சொன்னாங்களே?"

கிளியம்மாள் அவரை இரக்கத்தோடு பார்த்தாள்.

"ஃபேனு நின்னுபூட்ச்சுன்னு நான் அன்னிக்கே சொன்னேன் சார், அதுக்கு அவங்க, 'வாயை மூடுடி, நின்னுபோச்சுன்னு ஒத்துக்கிட்டா மிச்ச மூட்டை எப்படி வரும்?'னாங்க!"