அத்தியாவசியக் காரணங்களுக்கு மட்டும்

மனிதர்களில் அத்தியாவசியர் என்றோர் இனம் உண்டு. தொற்றுக்காலத்துக்கு முன்பும் இவர்கள் நம்மோடு இருந்திருப்பார்கள், ஆனால் இனம் காண வாய்ப்புக் கிடைக்கவில்லை. அத்தியாவசியக் காரணங்களுக்கு மட்டுமே வெளியே வர வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்ததும் நீங்களும் நானும் சோர்ந்து உட்கார்ந்தோம். அத்தியாவசியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எது அத்தியாவசியம் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?

அவருடைய அளவுகோல் எளிமையானது. தான் செய்வது அத்தியாவசியம், பிறர் செய்வது ஊர்சுற்றல். இவர் காய்கறிக்குப் போனால் குடும்பக் கடமை. எதிர்வீட்டுக்காரர் போனால், "ஒரு நாள் கத்திரிக்காய் இல்லாம இருக்க முடியாதா இந்த ஆளால?" இவருக்கு முடி வளர்ந்தால் சுகாதாரப் பிரச்சினை, மகனுக்கு வளர்ந்தால் அலங்கார ஆசை. பக்கத்து வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்று இரண்டு வார்த்தை பேசினால் அது கூட்டம் கூடுதல். அதே படியில் இவர் அவரை நிறுத்திவைத்து, மாடிப்படியில் நின்று பேசக்கூடாது என்று முக்கால் மணி நேரம் விளக்கினால் அது விழிப்புணர்வு.

நாம் பார்க்கப்போகிற அத்தியாவசியர் ஓர் அலுவலகத்தில் விடுப்புப் பிரிவின் கண்காணிப்பாளர். முப்பது வருடமாகப் பிறருடைய காய்ச்சலையும் கல்யாணத்தையும் காகிதத்தில் படித்துப் படித்து, சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு, பச்சை மையில் ஏதாவது குறை எழுதித் திருப்பி அனுப்பியே பழகிய கை அது. அலுவலகத்தை மூடி, வீட்டிலிருந்தே வேலை என்றானதும் அந்தக் கை நமநமவென்று அரித்தது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் காலை சாப்பாட்டு மேசை அலுவலகமாகிவிட்டது.

இனி வீட்டில் யார் வெளியே போவதானாலும் எழுத்துமூலம் விண்ணப்பிக்க வேண்டும். பெயர், விண்ணப்பதாரருக்கும் கண்காணிப்பாளருக்கும் என்ன உறவு, போகுமிடம், காரணம், அந்தக் காரணத்தை வீட்டில் இருந்தபடியே ஏன் தீர்த்துக்கொள்ள முடியாது என்பதற்கான காரணம். பத்து மணிக்கு மேசையில் வைத்தால் பன்னிரண்டுக்குப் பதில் கிடைக்கும். கல்லூரியில் படிக்கும் மகன், 'பைத்தியம் பிடிக்கிறது, பத்து நிமிடம் நடக்க வேண்டும்' என்று எழுதிக்கொடுத்தான். 'பைத்தியத்துக்கான மருத்துவச் சான்று இணைக்கப்படவில்லை' என்று திரும்பி வந்தது. சான்று வாங்கப் போகலாமா என்று இன்னொன்று எழுதினான். அதற்கும் சான்று கேட்டார்.

மனைவியின் விண்ணப்பம்தான் மேசையிலேயே கிடந்தது. நான்கு தெரு தள்ளித் தனியாக இருக்கும் அவளுடைய அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து, காலில் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தாள். முடியாத உறவினருக்கு உதவ, முகக்கவசத்தோடு போய் வரலாம் என்று அரசாங்கமே தளர்த்திவிட்டது. கண்காணிப்பாளர் தளர்த்தவில்லை.

"என்னங்க, அக்காவுக்கு ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடுக்கக்கூட ஆளில்ல."

"போன்ல பேசு."

"போன்ல எப்படிங்க தண்ணி குடுக்கிறது?"

"உணர்ச்சிவசப்படாதே. கிருமிக்கு அக்கா தங்கச்சின்னெல்லாம் தெரியாது." சொல்லிவிட்டு, 'பரிசீலனையில்' என்று பச்சையில் எழுதினார். அது மூன்றாவது முறை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் அழவில்லை. அழுகைக்கும் படிவம் கேட்பார் என்று தோன்றியிருக்கலாம்.

அவர் மட்டும் வெளியே போகாமலா இருந்தார்? தினமும் நான்கு மணிக்கு மருந்து வாங்கப் போனார். சும்மா போகவில்லை, முறைப்படி போனார். தனக்குத் தானே விண்ணப்பம் எழுதி, தானே பெற்றுக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டி வரிவரியாகப் படித்தார். ஒருநாள், 'நேற்றுத்தானே போனீர்?' என்று தன்னையே கண்டிப்பாகக் கேட்டுக்கூட எழுதினார். 'நேற்று வாங்கியது நேற்றைக்கு' என்று கீழே பதில் எழுதி, திருப்தியடைந்து, அனுமதித்தார். பாரபட்சம் என்று ஒருவர் நாக்கில் பல் படச் சொல்ல முடியாது.

மருந்து எங்கே கிடைத்தது என்கிறீர்களா? கடிகாரம் பழுதுபார்ப்பவரின் கடையில். ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, உள்ளே நான்கு பேர், முகக்கவசம் தாடையில், நடுவில் பவுடர் தூவிய ஒரு கேரம் பலகை. சிவப்புக் காயைப் போட்ட அன்று அவருக்கு இரத்த அழுத்தம் நிஜமாகவே குறைந்தது, அதனால் மருந்து என்று சொன்னதை முழுப்பொய் என்றும் சொல்ல முடியாது.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் கிளம்பும்போது மனைவி ஒரு தாளோடு வந்து நின்றாள். "நீங்க வெளிய போற நேரத்துல இங்க பொறுப்பு யாருக்குன்னு எழுதவே இல்லையே. ஆபீஸ்ல இப்படித்தான் நாற்காலிய அனாதையா விட்டுட்டுப் போவீங்களா?"

அவருக்குச் சுருக்கென்றது. முப்பது வருடத்தில் நேராத தவறு. தாளின் அடியில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டிருந்தது. பென்சில் குறி எங்கே இருக்கிறதோ அங்கே கையெழுத்துப் போட வேண்டும், மேலே உள்ளதைப் படித்துக்கொண்டிருந்தால் அலுவலகம் நடக்காது. போட்டார். "இப்பத்தான் நீ வழிக்கு வந்திருக்கே," என்று பாராட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு காற்றாய்ப் பறந்தார்.

ஆறு மணிக்குத் திரும்பினால் கதவில் சங்கிலி போட்டிருந்தது. இடுக்கில் மகனின் ஒரு கண் தெரிந்தது.

"அம்மா எங்கேடா?"

"பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்காங்க. பொறுப்புக் கண்காணிப்பாளர் அனுமதிச்சாங்க."

"யாருடா அது?"

"அம்மாதான்பா. அப்பா, கையில என்ன வெள்ளையா?"

"மாத்திரைத் தூள்."

"முழங்கை வரைக்குமா?"

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மகன் தாளை இடுக்கு வழியே நீட்டினான். முதல் உத்தரவு, அக்காவைப் பார்க்கத் தினமும் போய்வரலாம். இரண்டாவது, மகன் நடக்கலாம். மூன்றாவது, மூடிய அறையில் வெளியாட்களோடு இருந்துவிட்டு வருபவர், அவர் யாராக இருந்தாலும், பின்னறையில் பதினான்கு நாள் தனிமை. நான்காவது, தனிமையில் இருப்பவர் எந்தப் பொறுப்பையும் திரும்பக் கேட்க முடியாது. கீழே, மணிமணியாக, பச்சையில் அவருடைய கையெழுத்து.

"இதெல்லாம் செல்லாது," என்றார். பெற்ற மகனை மீறலாம், கட்டிய மனைவியை மீறலாம், தன் கையெழுத்தை மீற அந்த மனிதருக்கு வழி தெரியாது. கைகழுவிவிட்டுப் பின்னறைக்குப் போனார்.

மறுநாள் மாலை மகனின் போன் வழியாக அக்கா வீட்டிலிருந்து சத்தம் கேட்டது. அக்காவும் தங்கையும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். மனைவி சிரித்து இரண்டு மாதமாகிறது என்பது கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்தச் சிரிப்புக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் போலிருந்தது.

மூன்றாம் நாள் கதவின் அடியில் ஒரு விண்ணப்பம் நகர்ந்து வந்தது. காரணம் என்ற இடத்தில் மருந்து, இதயம், சுகாதாரம் எல்லாவற்றையும் எழுதி எழுதி அடித்திருந்தது. கடைசியில், 'ஒன்றுமில்லை, உங்களோடு சும்மா பேசிக்கொண்டிருக்க வேண்டும்' என்று இருந்தது. மனைவி இரண்டு முறை படித்தாள். பேனாவை எடுத்து, 'நல்ல காரணம். பதினொரு நாள் கழித்து வரவும்' என்று எழுதி, அதே வழியில் தள்ளிவிட்டாள்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். அந்த நாட்களில் ஒருநாள் உங்கள் வீட்டில் பால் தீர்ந்துபோய், "சரி, வேற வழியில்ல, நானே போறேன்," என்று நீங்கள் பெரிய தியாகிபோலக் கிளம்பினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? ஐந்து நிமிடத்துக்கு முன்னால் சமையலறையில் நின்று மிச்சமிருந்த அரை லிட்டர் பாலையும் ஒரே மூச்சில் குடித்தது யார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் போய்வரும் அரைமணி நேரம் அவர்களுக்கும் தேவைப்பட்டது, அதனால்தான் ஒருவரும் கேட்கவில்லை.