கிணற்றுத் தண்ணீருக்குச் சர்க்கரை வியாதி

என் முட்டாள்தனத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் ஒரு தப்பைச் செய்வேன். பிறகு அதற்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத இன்னொரு தப்பைச் செய்வேன். இரண்டும் எங்கேயோ சந்தித்துப் பேசி வைத்துக்கொண்டு, சேர்ந்து வந்து என்னை மாட்டிவிடும். எனக்குப் பெண் நிச்சயமாக இருந்த வாரத்தில் அப்படித்தான் ஆயிற்று.

எழுபதுகளின் நடுவில், திருவள்ளூரை ஒட்டிக் காக்களூர் பக்கம் ஒரு போல்ட்டு கம்பெனியில் நான் ஸ்டோர் கீப்பர். எங்கள் ஃபோர்மேன் ஏகாம்பரம் தன் மகள் சரோஜாவை எனக்குக் கொடுப்பதாகப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்ற வேண்டும். அவர் தம்பிக்குச் சர்க்கரை வியாதியில் ஒரு கால் போயிருந்தது. அதனால், "ஒடம்புல சக்கரை கீறவனுக்கு எம்பொண்ணத் தர மாட்டேன்" என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார். என் பெரியப்பாவுக்குச் சர்க்கரை இருந்ததை நான் சொல்லவில்லை. (அவர் கேட்கவில்லை.)

அந்த நேரம் பார்த்து மெட்ராஸிலிருந்து சிஸ்டர் கிரேஸ் வந்து சேர்ந்தார். நர்ஸிங் மேல்படிப்புக்கு ஆராய்ச்சி. சர்க்கரை உள்ளவர்கள் ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக்கு ஓடாமல், வேலை செய்கிற இடத்திலேயே சிறுநீரைத் தாங்களே சோதித்துத் தங்களைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்பதுதான் அவருடைய கேள்வி. சோதனை சுலபம். கண்ணாடிக் குழாயில் நீல மருந்து, அதில் சில சொட்டு சிறுநீர், ஸ்பிரிட் விளக்கில் சூடு. நீலமாகவே நின்றால் கவலையில்லை. பச்சை, மஞ்சள் என்று மாறிச் செங்கல் நிறத்துக்கு வந்தால் சர்க்கரை ஏராளம்.

"தம்பி, யாருக்கெல்லாம் சர்க்கரை இருக்குன்னு முதல்ல பார்க்கணும். ஆளுக்கொரு பாட்டில் வேணும். நல்லா கொதிக்க வச்சுக் கழுவிக் கொடுங்க" என்றார் சிஸ்டர்.

பஜாரில் நாட்டு மருந்துக் கடையில் ஒரு சாக்கு காலி பாட்டில் கிடைத்தது. தேன் விற்ற பாட்டில்கள். பார்த்தால் பளிச்சென்றுதான் இருந்தன. தொட்டியில் ஒரு முக்கு, கையில் ஒரு குலுக்கு. சாயங்காலம் ஷிஃப்ட் விடும்போது கேட்டில் நின்று பெருமையாக விநியோகம் செய்தேன். ஏகாம்பரத்தின் முறை வந்தபோது பாட்டில் தீர்ந்துவிட்டது.

"உடு, ஊட்ல மாத்திரை பாட்டில் கீது" என்று போய்விட்டார்.

அன்று ராத்திரி கடம்பத்தூரில் ஒரு கல்யாண வீட்டில் ஜாங்கிரியை ஒரு கை பார்த்துவிட்டு வந்து படுத்தேன். காலையில் பெரியப்பா ஞாபகம் வந்தது. ஜாங்கிரி ஞாபகமும் வந்தது. பாட்டிலை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனவன், பேசாமல் கிணற்றுத் தண்ணீரை நிரப்பினேன். லேசாக மஞ்சள் தட்டியது. அதையும் என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்டோர் ஜன்னலில் பாட்டில்களை வரிசையாக வைத்தோம். டீ வருவதற்குள் எறும்பு வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் எறும்பு மொய்த்துவிட்டால் அதற்குமேல் டாக்டரை யாரும் கேட்பதில்லை.

"இன்னாபா இது, ஃபோர்மேனுது தவிர எல்லாத்துலயும் மொய்ச்சிக்கினு கீது" என்றார் லேத்து துரை.

"முதல்ல தம்பியே செஞ்சு காட்டட்டும்" என்றார் சிஸ்டர்.

காட்டினேன். நீலம் பச்சையாயிற்று. மஞ்சளாயிற்று. அப்புறம் சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்த செங்கல்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கிணற்றுக்குச் சர்க்கரை வியாதியா? அந்தத் தண்ணீரைத்தானே எங்கள் தெருவே குடிக்கிறது? அடுத்தடுத்து எல்லார் குழாயும் செங்கல். சிஸ்டர் மருந்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், அவருக்கும் புரியவில்லை. ஏகாம்பரத்தின் குழாய் மட்டும் வானம் மாதிரி நீலம்.

துரை தரையில் உட்கார்ந்துவிட்டார். "எனுக்கு நேத்தே காலு மரத்துச்சுபா." கேன்டீன்காரர் கேட்காமலே சர்க்கரை இல்லாத டீ ஊற்ற ஆரம்பித்தார்.

ஏகாம்பரம் என் தோளில் கை வைத்தார். "தப்பா நெனச்சிக்காத நைனா. ஞாயித்துக்கெயம தட்டு மாத்துறது வேணாம்."

நோயாளியாக நின்றால் பெண் இல்லை. பித்தலாட்டக்காரனாக நின்றால் ஒருவேளை இருக்கலாம்.

"மாமா, அது என்னுது இல்ல."

"பின்ன யாருது?"

"கெணத்துது."

கேன்டீன்காரர் டீ ஊற்றுவதை நிறுத்தினார். சிஸ்டர் என் பாட்டிலை எடுத்து முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கொதிக்க வச்சீங்களா?"

"குலுக்குனேன் சிஸ்டர்."

"சோதிக்கச் சொல்லித்தரலாம்னு வந்தேன்" என்றார் அவர். "பாட்டில் கழுவறதுலேர்ந்து ஆரம்பிக்கணும் போலிருக்கு."

ஒரு சாக்கு பாட்டிலையும் நானே கொதிக்க வைத்துக் கழுவினேன். மறுநாள் மறுபடியும் சோதனை. நான் பாட்டிலோடு உள்ளே போனபோது ஏகாம்பரம் கக்கூஸ் கதவுக்கு வெளியே காவல் நின்றார். துரைக்கு மட்டும் பச்சை. (மனிதர் சிஸ்டரிடம் கற்றுக்கொண்டு, ரிட்டயர் ஆகும்வரை லேத்துக்குப் பக்கத்திலேயே ஸ்பிரிட் விளக்கை வைத்துக்கொண்டிருந்தார்.) என் குழாய் நீலம்.

ஏகாம்பரம் அதை வெகுநேரம் பார்த்தார். "சக்கரை இல்ல. மூளை கீதான்னு மொதல்லயே கேட்டிருக்கணும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்றினோம்.

கடைசியில் பெரியப்பாவின் சர்க்கரை என்னையும் தேடி வந்துவிட்டது. மாத்திரை, நடை, பாகற்காய் என்று ஓடுகிறது. போன மாதம் சிறுநீரைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவை வாங்கிக்கொண்டு வந்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்த சரோஜாவிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். "இந்தத் தடவ துளிகூடச் சக்கரை இல்லையாம்."

அவள் தலை நிமிரவில்லை.

"எந்தக் கெணறு?"