கடூக்காவைப் பழக்கிய படலம்

வாழ்க கிரேஷம் கபலமுலா! சோம்பா மலையடிவாரம் ஈன்றெடுத்த செந்நா வேந்தன், வனத்துறை அலுவலகத்தில் முப்பதாண்டு முத்திரை குத்தி ஓய்ந்த மொய்ம்பன், புதுத் தகரக் கூரையின் கீழே பழைய வன்மத்தைக் கண்ணின் மணிபோல் காத்துவரும் பெருந்தகை! அன்னான் ஒரு கூச்ச நாயோடு மூன்று வாரம் பொருது மண்ணைக் கவ்விய திறம் பாட, நாமகளே, என் நாவில் வந்து அமர்வாயாக. அமர மனமில்லை என்றால் பக்கத்திலாவது நில். விஷயத்தின் தகுதி அவ்வளவுதான்.

பகையின் வேர் கூரையில் இருக்கிறது. ஐந்தாண்டுக்கு முன் தகரம் வேய்ந்த நன்னாளில், வேலிக்கு அப்புறத்துத் தச்சர் லைசன் மசாம்பா நிமிர்ந்து பார்த்து, "மழை பேஞ்சா காது செவிடாயிடுமே, கிரேஷம்" என்றார். அன்று மாலையே நம் தலைவன் ஒரு நாய்க்குட்டியைக் கொணர்ந்து கடூக்கா எனப் பெயர் சூட்டினான். கடூக்கா என்றால் பொறாமை. அயலானை நேரில் வைய முடியாதவன் வசவை நாய்க்குப் பெயராக வைத்து வேலிக்கு மேல் வீசுவது எங்கள் ஊர் வழக்கம். நாயைத்தானே கூப்பிட்டேன் என்றுவிட்டால் எந்த ஊர்த்தலைவரும் வழக்கெடுக்க மாட்டார்.

அன்று முதல் விடியல்தோறும் முழங்கிற்று அவ்வெண்கலத் தொண்டை. "கடூக்கா, தின்னுட்டுச் சாவு! கடூக்கா, உனக்கு வெக்கமே இல்லையா!" அம்பு மசாம்பாவுக்கு, தைத்ததோ நாய்க்கு. தன் பெயரை வசவாக மட்டுமே கேட்டு வளர்ந்த அந்த எளிய உயிர், முற்றத்தில் புதிய காலடி கேட்டாலே சோளக்குதிரின் அடியில் புகுந்து நடுங்கும். மாற்றான் முற்றத்தைக் கண்ணாலும் பாரேன் என்று சூளுரைத்திருந்த நம் வீரனோ, நாள் முழுதும் சோளக்குதிர்ப் பக்கம் நோக்கியே முழங்கினான்.

இப்படி ஐந்தாண்டு ஓடிய வேளை, சைக்கிளில் ஒலிபெருக்கி கட்டிய கால்நடைத்துறை முரசறைவோன் தெருவில் வந்தான். "மூணு வாரம் கழிச்சு சனிக்கெழம, பந்து மைதானத்துல வெறிநாய்க்கடி ஊசி! செவப்புக் கயிறு கட்டாத நாயத் திங்கக்கெழம சுட்டுருவோம், அப்புறம் வந்து அழாதீங்க!"

கபலமுலாவின் நெஞ்சு ஆடிப்போயிற்று. ஆயிரம் வைதாலும் நாயின்மேல் அவனுக்கு உயிர். இதை மறுக்க எனக்கு ஆசைதான், முடியவில்லை. அந்நியர் கை பட்டாலே அலறும் நாய்க்கு எவன் ஊசி போடுவான்?

அவன் மனைவி எனிஃபா, அவ்வீட்டில் மூளை என ஒன்றை உடையவள், வழி சொன்னாள். "கூப்பிடாதீங்க. மூஞ்சியப் பாக்காதீங்க. வர்றவங்கள மீனப் போட்டுட்டுத் திரும்பி உக்காரச் சொல்லுங்க. அதுவா வரும்."

"சும்மா உக்காரவா முப்பது வருஷம் ஆபீஸ் பாத்தேன்?" என்று கர்ச்சித்தான் காவலன்.

தொடங்கிற்று, நாயை அந்நியருக்குப் பழக்கும் போர். மந்தாசி வடை விற்கும் ஃபலேசி என்னும் தனிப்படை முதல் வாரம் புகுந்து, தேனொழுகக் "கடூக்கா" என்று அழைக்க, நாய் ஒரு முழம் உள்வாங்கிற்று. அடுத்த வாரம் தேவாலயப் பாடற்குழுவின் பன்னிரு மாதர், கையில் உசிபாக் கருவாடும் வாயில் நால்வகைச் சுருதியுமாய்க் சோளக்குதிரை வளைத்து நின்று "கடூக்கா, கண்ணே கடூக்கா" என்று இசைக்க, நாய் மண்ணைத் தோண்டி மேலும் ஒரு முழம் இறங்கிற்று. மூன்றாம் வாரம் தானே களமிறங்கிய தலைவன் குதிருக்கடியில் இடுப்புவரை பாய்ந்து சிக்கிக்கொள்ள, பாடற்குழுவே கால்களைப் பற்றி இழுத்து மீட்டது. வேலிக்கு அப்பால் இழைப்புளி ஓசை ஒரு கணம் நின்றது. யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள்.

சனிக்கிழமை புலர்ந்தது. குதிரடி வெறிச்சோடிக் கிடந்தது. ஊரெல்லாம் தேடி அலைந்த மாவீரன், சூளுரையை விழுங்கிவிட்டு வேலியின் ஓட்டையில் கண் வைத்தான்.

அங்கே, மரச்சுருள் குவியலில், மசாம்பாவின் பாதத்தில் தலை சாய்த்துப் படுத்திருந்தது கடூக்கா. கதவு வாங்க வந்த அந்நியர் இருவர் அதைத் தாண்டிப் போனார்கள். அது வாலை ஆட்டிற்று. ஒருவன் காதைச் சொறிந்துவிட்டான், அதற்கும் ஆட்டிற்று.

"எத்தன நாளா இங்க இருக்கு?" என்றான் கபலமுலா, வேலியைத் தாண்டி வந்து.

"அஞ்சு வருஷமா மத்தியானம் இங்கதான். இங்க யாரும் அதக் கூப்பிட மாட்டாங்க. அந்தப் பேர என் வாயால சொன்னா, எனக்கு வச்சதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே."

"அண்ணே... மைதானம் வரைக்கும் கூட வரணும்."

"நீயே கூப்பிட்டுப் போயேன். பேரு வச்சவன் நீதானே?"

செந்நா வேந்தன் வாயைத் திறந்தான். நாய் தலையைத் தூக்கி, வாலைக் கால்களுக்கிடையே செருகிற்று. வேந்தன் வாயை மூடினான். முழந்தாளிட்டு, பெரியவர்முன் பணிவோர் வழக்கப்படி குவித்த உள்ளங்கைகளை மெல்லத் தட்டி, ஐந்தாண்டு இறுமாப்பையும் மரத்தூளில் கொட்டி இரந்தான். மசாம்பா எழுந்து நடக்க, நாய் பின்தொடர, அதன் பின்னே வந்தான் காவியத் தலைவன்.

மைதானத்தில் நானூறு நாய்களும் அவற்றின் சொந்தக்காரர்களும் பார்த்திருக்க, ஊசிக்காரர் அட்டையை எடுத்து, "நாய் பேரு?" என்றார். மசாம்பா வானத்தைப் பார்த்தார். பன்னிரு பாடகியரும் தரையைப் பார்த்தார்கள்.

"பேரெல்லாம் எதுக்குங்க," என்றான் கபலமுலா, சோம்பா மலை இதுவரை கேட்டிராத சன்னக் குரலில். "நாய்னே எழுதுங்க."

ஊசி போட்டு முடிந்ததும் நாய் மசாம்பாவோடு அவர் வீட்டுக்குப் போய்விட்டது.