சொட்டு எண்ணெய் நிபுணர்

நம்மிடையே ஓர் இனம் உலவுகிறது, ஐயா. பார்த்தால் தெரியாது. நம்மைப் போலவே சாப்பிடும், தூங்கும், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கும். ஆனால் அடுத்தவன் வண்டியிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் தரையில் விழுந்துவிட்டால் போதும், அதன் வலதுகை ஆள்காட்டி விரல் தானாக நீண்டுவிடும். இதற்குச் சொட்டு எண்ணெய் நிபுணர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

நிபுணர் வேலை செய்யும் அழகே அழகு. வண்டிக்காரனிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். வேட்டியை மடித்துக் கட்டி, குனிந்து, தரையில் கிடக்கும் எண்ணெயைத் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து, வெயிலில் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய் மோந்து, கூட்டம் போதுமான அளவு சேர்ந்துவிட்டதா என்று ஓரக்கண்ணால் உறுதி செய்துகொண்டு, கடைசியில் நாக்கு நுனியில் வைப்பார். கண் சொருகும். தீர்ப்பு வரும். கெட்டுப்போன சாமான் எதுவானாலும் அது மெட்ராஸில் மட்டுமே கிடைக்கும். பக்கத்துக் கடையில் கிடைக்கிற சாமான் கெட்டுவிட்டதாக எந்த நிபுணராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

எங்கள் மலையில் இந்த இனத்தின் தலைவர் கோபால்சாமி. சாமை விளைவிப்பவர். சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. ஆனால் ஒரு முறை லாரியின் முன் சீட்டில் உட்கார்ந்து ஆம்பூர் வரை போய் வந்திருக்கிறார். அந்தப் படிப்பு போதாதா?

எழுபத்தெட்டாம் வருஷம் நடந்தது இது. வாணியம்பாடித் தோல் வியாபாரி ஜப்பார் சாயபு எந்தத் தூதரகத்து ஏலத்திலோ ஒரு பழைய வெளிநாட்டு ஜீப்பை எடுத்து, கடுக்காய் மூட்டை ஏற்ற மலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அதன் ஸ்டீரிங்குக்கென்று தனி பம்பு, தனி எண்ணெய். ஒற்றை விரலால் வளைத்துவிடலாம். டிரைவர் ஃபரூக் அப்படித்தான் வளைப்பான். மற்ற விரல்களில் பீடி இருக்கும்.

அன்று காலை பஸ் வரவில்லை. ஜீப்பில் மூட்டைகளுக்கு மேல் நான், முன்னால் எங்கள் ஊர்ப் பெண் செல்லியம்மாள். திருப்பத்தூரில் பதினொரு மணிக்கு அவளுக்குப் பால்வாடி டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ. அடுத்த மாதம் வயது வரம்பு தாண்டிவிடும். இதை விட்டால் பிறகு வாழ்நாள் முழுக்கக் களைக்கொத்துதான். பாவம், இரண்டு முறை தலை பின்னி, கைப்பையில் ஒரு பவுடர் டப்பாவும் வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

புதூர்நாடு டீக்கடை எதிரில் ஸ்டீரிங் முனகியது. பிறகு இறுகியது. ஃபரூக் இரண்டு கையாலும் தொங்கி வண்டியை ஓரங்கட்டினான். முன்பக்கம் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு எண்ணெய். மணி எட்டரை.

கோபால்சாமி டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். தொட்டார், தேய்த்தார், மோந்தார், நக்கினார்.

"பம்பு சீலு போச்சு பாய். மெட்ராஸ்லதான் கெடைக்கும்."

"இன்னா அண்ணே இப்டி சொல்றீங்க? பொண்ணு பதினோரு மணிக்குப் போவணும்!"

"போவ முடியாது. என் நாக்கு பொய் சொல்லாது."

அடுத்தவர் நக்கிப் பார்த்து பிரேக் ஆயில் என்றார். மூன்றாமவர் இரண்டும் இல்லை, ரேடியேட்டர் என்றார். கேட்க வேண்டுமா? ஆளுக்கொரு விரல், விரலுக்கொரு தீர்ப்பு. பிறகு ஒவ்வொருவரும் அடுத்தவர் தீர்ப்பைச் சரிபார்க்க மறுபடி நக்கினார்கள். தரையில் இருந்த எண்ணெயே குறைந்துவிட்டது. மணி ஒன்பதரை ஆயிற்று. வண்டிக்கு அடியில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

செல்லியம்மாளுக்கு அழுகை வந்தது. அதை அடக்கியதில் கோபம் வந்தது. இறங்கினாள்.

"மாமா, அந்தத் துண்டக் குடுங்க."

"எதுக்கும்மா?"

"தொடைக்கறதுக்கு. சொட்டுற எடந்தான் ஒழுவுற எடம்னு யார் சொன்னா? மொதல்ல எல்லாத்தயும் காய வெச்சாத்தான எங்க நனையுதுன்னு தெரியும்?"

கோபால்சாமி பின்வாங்கினார். நாக்கைத் தாராளமாகத் தந்தவருக்குத் துண்டைத் தர மனம் வரவில்லை. வெள்ளைத் துண்டு, போன தீபாவளிக்கு எடுத்தது. அவள் அதைத் தோளிலிருந்து உருவியே விட்டாள்.

பம்பையும் குழாய்களையும் ஃபரூக் துண்டால் பளிச்சென்று துடைத்தான். அதன்மேல் அவள் பவுடர் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாள். எஞ்சின் உள்பக்கம் கல்யாணப் பெண் மாதிரி மணத்தது.

"அண்ணா, வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஸ்டீரிங்க இப்டியும் அப்டியும் திருப்புங்க."

திருப்பினான். வெள்ளைப் பவுடரில் ஒரே ஓர் இடத்தில் ஈரக்கோடு எழுந்தது. பம்புக்கு எண்ணெய் திரும்பி வரும் ரப்பர் ஓசின் நுனியில், கிளிப்புக்கு அடியில், நகத்தளவு வெடிப்பு. சீல் கல்லாட்டம் நன்றாக இருந்தது. ஃபரூக் எஞ்சினை நிறுத்தி, நுனியை ஓர் அங்குலம் வெட்டி, மறுபடி சொருகி, கிளிப்பை முறுக்கி, தகர டின்னில் இருந்த எண்ணெயை ஊற்றினான். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. திருப்பிப் பார்த்தான், முனகல் இல்லை, சொட்டு இல்லை. எனக்கு மூட்டை மேலேயே எழுந்து ஆட வேண்டும் போல் இருந்தது.

கோபால்சாமி தொண்டையைக் கனைத்தார். "நான் நெனச்சேன், ஓசுதான்னு. சொல்லலாம்னு வாயெடுத்தேன், அதுக்குள்ள துண்டப் புடுங்கிட்டா."

திருப்பத்தூரில் பதினொரு மணிக்கு உள்ளே பெயரைக் கூப்பிடும்போது செல்லியம்மாள் வாசலில் காலை வைத்தாள். முகத்தில் பவுடர் இல்லை, சர்ட்டிபிகேட் மூலையில் சிவப்பாக ஓர் எண்ணெய்க் கறை. அதிகாரி கறையைப் பார்த்தார். அவருடைய வலதுகை ஆள்காட்டி விரல் மெல்ல நீண்டது. தொட்டார், தேய்த்தார், மோந்தார்.

"தாழம்பூ தைலம். சரியா?"

ஓசு வெடிப்பைக் கண்டுபிடித்தவளுக்கு இதைக் கண்டுபிடிக்கத் தெரியாதா?

"ஆமாங்க சார். எப்டி சார் கரெக்டா சொன்னீங்க?"

வேலை கிடைத்துவிட்டது.

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. மூட்டையிலிருந்து இறங்கி வந்து, கியர் ஆயில் என்று நக்கிச் சொல்லிவிட்டு மறுபடி ஏறிக்கொண்ட நாலாவது ஆள் நான்தான். அது போகட்டும். ஸ்டீரிங் முனகியது என்று படித்த உடனே, இறங்கி ஒருவரும் பார்ப்பதற்கு முன்பே, நீங்கள் மனசுக்குள் ஒரு தீர்ப்பு எழுதினீர்களா இல்லையா? சத்தியமாகச் சொல்லுங்கள். இல்லை என்றால் மகிழ்ச்சி. ஆனால் இந்தப் பக்கத்தின் ஓரத்தில் உங்களுக்கு முன்னால் படித்தவர் யாரோ ஓர் எண்ணெய்க் கறை வைத்திருக்கிறார். அது பஜ்ஜியா, வடையா என்பது உங்களுக்கு வேண்டாத வேலை. விரலை எடுங்கள்.